கை எட்டும் உயரத்தில் ஒரு தகடு

எங்கள் வீட்டு வாசலில், கதவுக்கு வலப்பக்கம், ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு டாக்டருடைய பெயர் அதில் இருக்கிறது. அவர் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊர் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் தகட்டைப் படம் பிடித்துக்கொண்டு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். "காவல்காரி" என்று ஒருமுறை சொன்னேன். "அவர் போட்ட ஊசி இன்னும் வலிக்குது, அதான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்று இன்னொருமுறை சொன்னேன். வாய்த்துடுக்கு எனக்குக் கூடப் பிறந்தது. தகட்டில் இருக்கும் வாசகத்தை மூன்று மொழியிலும் எழுதியவள் நான்தான். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

நான் முப்பது வருஷம் பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்தவள். விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறுவேன். விளக்கு வைத்தபிறகு அதே ரயிலில் திரும்புவேன். வீட்டில் நானும் என் அண்ணனும்தான். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவன். நந்திதுர்க் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற வேலை பார்த்தான். சுரங்கத்தை மூடி அனுப்பியபோது அவன் கொண்டுவந்தது நெஞ்சு நிறையத் தூசிதான். அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. அதற்கு ஆயிரம் காரணம் உண்டு, இங்கே வேண்டாம்.

நான் ஓய்வு பெற்ற சமயம்தான் ஊரில் சில பேர் சேர்ந்து, பெரிய மனிதர்கள் இருந்த கட்டடங்களுக்குத் தகடு வைப்பது என்று கிளம்பினார்கள். குழுவின் செயலாளர், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், எங்களுக்கு வெகுதூரம் தள்ளிப் பிறந்து, பெங்களூரில் பெரிய உத்தியோகம் பார்த்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். என்னைவிட இளையவர், என்னை அக்கா என்பார். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுதக்கூடியவள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

முதல் தகடு மானேஜர் துரை இருந்த பங்களாவுக்குப் போயிற்று. இரண்டாவது தகடு ஓர் இன்ஜினியர் துரை பந்தாடிய கிளப்புக்கு. மூன்றாவது, ஒரு துரைசாணி பியானோ வாசித்த வீட்டுக்கு. நாலாவது துரையின் குதிரைக்கு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நான் எழுதிக்கொடுத்தேன். நல்லவேளை, ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "கேஜ்ல ஏறி கீழ எறங்கினவன் ஊட்டுல ஒருத்தன்கூட பெரிய மனுசன் ஆவலியா? துரைங்க மட்டும்தான் ஊரா?" என்று கத்தினார். கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு. அப்புறம் நீண்ட நேரம் பேசி, தொழிலாளர் லைனுக்கும் ஒரு தகடு என்று முடிவு செய்தார்கள்.

லைனில் பிறந்து பெயர் வாங்கியவர் என்றால் எல்லோருக்கும் அந்த டாக்டர்தான் நினைவுக்கு வந்தார். மூச்சு நோய்க்கு வைத்தியம் பார்த்தவர். பாறைத் தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்று பெரிய பெரிய சபைகளில் எடுத்துப் பேசியவர். வெளியூரிலேயே இருந்து வெளியூரிலேயே இறந்துவிட்டார். அவரும் என் அண்ணனும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

இந்தத் தகட்டுக்கு இன்னொரு பலனும் இருந்தது. லைன் வீடுகளில் முக்கால்வாசி பூட்டிக் கிடந்தன. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள், எங்கள் சனம் அப்படித்தான் பெங்களூரைப் போய்ச் சேர்ந்தது. ஆளில்லாத வீடுகளைத் தரைமட்டமாக்கி இடத்தை எடுக்கப்போகிறார்கள், வரிசை வரிசையாக இடிப்பார்கள், தகடு வைத்த வீட்டை மட்டும் தொடமாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நாங்கள் குடியிருந்த முப்பத்தொன்றாம் நம்பர் வீடு, வரிசையின் கடைசி வீடு. காகிதத்தில் அது எங்களுடையது இல்லை. டாக்டருடைய அப்பா பெயரில் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் லைன்களில் வீட்டை மாற்றிக்கொள்வது ஒரு வழக்கம். குழாய் தூரமாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் பாடினால், மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், இரண்டு குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிக்கொள்ளும். ஆபீசுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மனு எழுத வேண்டும், மேஸ்திரி கையெழுத்து வேண்டும், ஆறு மாதம் இழுக்கும். அதனால் பதிவேட்டில் பழைய நம்பரே இருக்கும். கடிதம் பழைய நம்பருக்கு வரும். போஸ்ட்மேன் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்து கொண்டுபோய்க் கொடுப்பார்.

எங்கள் குடும்பம் இருந்தது பதினாலாம் நம்பர் வீட்டில், நாலு வரிசை தள்ளி. பூமிக்குள் பாறை தன் பாரம் தாங்காமல் தானாகவே வெடிப்பதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீட்டில் பாத்திரம் கிடுகிடுவென்று ஆடும். அப்படிப் பாத்திரம் ஆடிய ஒரு பகலில் அம்மா உலையில் அரிசி களைந்து போட்டுக்கொண்டிருந்தாளாம். சாயங்காலம் அப்பாவைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது. நான் அம்மா வயிற்றில் ஏழு மாதம்.

காரியம் முடிந்த பிறகும் அம்மா அந்த முன்னறைக்குள் கால் வைக்கவில்லை. வாசலிலேயே சாப்பாடு, வாசலிலேயே படுக்கை. அப்போது டாக்டருடைய அம்மா வந்திருக்கிறார். கிறிஸ்தவக் குடும்பம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வயித்துப் புள்ளயோட இன்னா இது? நீ எங்க ஊட்டுக்கு வந்துடு. நாங்க இங்க வந்துடறோம்" என்றாராம். பாறை வெடித்துச் செத்தவன் கிடந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று அம்மா கேட்டதற்கு, "எங்களுக்கு ஜெபம் இருக்குது, வா" என்று பானையைத் தூக்கிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொண்டார்கள். நான் முப்பத்தொன்றாம் நம்பர் வீட்டில் பிறந்தேன். டாக்டரும் அங்கேதான் பிறந்தவர். ஆனால் அவர் வளர்ந்தது, படித்தது, டாக்டர் ஆனது எல்லாம் பதினாலில்.

அம்மா சாகும்வரை அந்த வரிசைப் பக்கம் போனதில்லை. கடைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். அண்ணனோ நேர்மாறு. அப்பா இறந்ததற்காக அவனுக்குப் பதினெட்டு வயதில் சுரங்கத்தில் வேலை கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவன் அவன்தான், டாக்டர் இரண்டாவது. முதலாவது கேஜில் ஏறிக் கீழே போனான், இரண்டாவது மெடிக்கல் காலேஜுக்குப் போனான். வேலைக்குப் போகிற நாளெல்லாம் அண்ணன் சுரங்க வாயான ஷாஃப்டுக்கு நேர்வழியில் போகாமல் பதினாலாம் நம்பர் வழியாகச் சுற்றிப் போவான். டாக்டருக்கு ஒரு தங்கை இருந்தார், மூக்கும் முழியுமாக. "இன்னா ணா, ஷாஃப்டு இப்ப அந்தப் பக்கம் மாத்திட்டாங்களா?" என்று நான் கிண்டல் செய்வேன். தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போவான். அந்த அக்கா கல்யாணம் ஆகி வெளிநாடு போன பிறகும் அவன் அந்த வழியாகவே போனான். பாவம், மனசு ஆறவில்லை என்று நினைத்தேன்.

டாக்டருடைய பெற்றோரும் போன பிறகு பதினாலு பூட்டிக் கிடந்தது. கூரைத் தகரத்தைத் திருடிக்கொண்டு போனார்கள். முன்னறையில் சீமைக்கருவேலம் முளைத்தது.

செயலாளர் பதிவேட்டின் நகலை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன். செயலாளர் விரலை வைத்துப் படித்தார். "முப்பத்தொண்ணு. டாக்டரோட அப்பா பேருதான் இருக்குதுக்கா. அப்ப இதே ஊடுதான்." டீயை ஒரு மடக்குக் குடித்தார். லைனில் பிறந்தவர் இல்லையா, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நடுவுல மாத்திக்கினது கீத்திக்கினது எதுனா உண்டாக்கா? கடைசி வரைக்கும் இங்கதான இருந்தாங்க? நீங்க எப்ப வந்தீங்க?"

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் டீ வடிகட்டி. பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு நான் டீ போடவில்லை. ஆனால் அவர் கேட்டதும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் தகடு பதினாலுக்குப் போகும், ஆளில்லாத வீடு நிற்கும், மூச்சுக்குத் தவிக்கிற என் அண்ணனை வைத்துக்கொண்டு நான் தெருவில் நிற்பேன். இது ஒன்றுதான் ஓடியது.

"இல்லீங்க. இதே ஊடுதான். நாங்க அவங்க போன அப்பறம் வந்தோம்" என்றேன்.

நான் பிறந்த வீட்டுக்கு நானே பிறகு வந்தவள் ஆனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, டீக்குச் சர்க்கரை போதுமா என்று வேறு கேட்டேன். அண்ணன் இருமினான். அவன் வெளி ஆள் முன்னால் என்னை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. "ஆயித்து" என்று கன்னடத்தில் முடித்துவிட்டுச் செயலாளர் பதிவேட்டை மூடினார்.

அவர் போனபிறகுதான் அண்ணன் வாய் திறந்தான்.

"இன்னாத்துக்கு அப்படி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? நாளைக்கு இதை இடிச்சா எங்க போறது? ஓசூரா, பெங்களூரா? உன்னால நாலு படி ஏற முடியுமா?"

"அந்த ஊட்டுலதான அவன் படிச்சான்."

"படிச்சா? செவுரு படிச்சுதா? காலி ஊட்டுக்குக் காப்பாத்த வேண்டியது இன்னா இருக்குது ணா, சொல்லு."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, உடு" என்றான். அவனுக்கு ஒன்றை இரண்டாம் தரம் கேட்கிற பழக்கமே கிடையாது. எனக்கோ இரண்டாம் தரம் கேட்காதவர்களுடைய விருப்பம் விருப்பமாகவே தெரியாது. இது என் குணக்கேடு, எழுதி வைக்கிறேன்.

வாசகம் எழுதிக் கொடுத்தேன். இந்த வீட்டில் பிறந்தார், வளர்ந்தார், படித்தார் என்று மூன்று சொல். முதல் சொல் உண்மை.

தகடு பதிக்கிற அன்று மிஷினோடு ஓர் ஆள் வந்தான். கரண்ட் இல்லை. அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அண்ணன் மெல்ல எழுந்து, பரண்மேல் இருந்த சுத்தியலையும் உளியையும் எடுக்கச் சொன்னான். வேண்டாம் என்று கத்தினேன். "ஓட்டை போட எனக்கு வேற ஒருத்தன் வரணுமா?" என்றான். பாறையில் ஆயிரக்கணக்கில் துளை போட்டவன். நாலு துளை போட அவனுக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் மூச்சு விடுவான். நாலும் நூல் பிடித்த மாதிரி இருந்தன.

கதவுக்கு மேலே வைத்தால்தான் பார்வையாக இருக்கும் என்றார் செயலாளர். அண்ணன் கேட்கவில்லை. கதவுக்கு வலப்பக்கம், நெஞ்சு உயரத்தில் குறி போட்டிருந்தான்.

"இவ்ளோ தாழ்வாவா? புள்ளைங்க கை படுமே" என்றார் அவர்.

"கை படணும். கை எட்டற உயரத்துல இருக்கணும்" என்றான் அண்ணன்.

கிழவன் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்கள். திரை விலக்க ஒரு பிரமுகர் வந்தார். மாலை, மைக், கேசரி எல்லாம் உண்டு. அவர் தகட்டை வாசித்துவிட்டு, இந்தச் சிறிய அறையில் படித்தா இவ்வளவு பெரிய மனிதரானார் என்று கண் கலங்கினார். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கட்டிலைவிட்டு வரவில்லை.

அடுத்த வருஷம் இடிக்க வந்தார்கள். பேச்சு பேச்சாகவே போய்விடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன்வாரமே அண்ணன் கேட்டான். "பதினாலாண்ட ஒருதரம் போய்ட்டு வரணும். ஆட்டோ கூப்புடறியா?"

அப்போது அவனுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருந்தோம். மூக்கில் குழாயோடு பேசினான். அந்தக் காலையில் எனக்கும் தூக்கமில்லாத எரிச்சல். "அங்க இன்னா இருக்குது? முள்ளுதான் இருக்குது. இந்த நெலமையில உனக்கு ஊர் சுத்தணுமா?" என்றேன்.

"சரி" என்றான்.

இடிக்கிற அன்று நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கட்டில் காலி. குழாயைக் கழற்றித் தலையணைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஓடினேன். இரண்டாவது வரிசைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சிமெண்டு மேடையில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். அங்கிருந்து இன்னும் இரண்டு வரிசை. ஜேசிபி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினாலு இருந்த பக்கம் புழுதி எழும்பியிருந்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன்னால எனக்கு ஒருநாள் நிம்மதி உண்டா என்று கேட்டேன். அவன் புழுதியைப் பார்த்துக்கொண்டே, "ஆயிடுச்சா?" என்றான்.

"இன்னா ஆயிடுச்சா?"

ரேஷன் கடைப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தோம்.

அதற்குப் பிறகு அவன் அதிக நாள் இருக்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. என்மேல் கோபமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான், இல்லை என்று. ஒரு விடியற்காலையில் மூச்சு நின்றது. அவனைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது ஒருவர் தோள் தகட்டில் இடித்தது. அறுபது வருஷம் போல இந்த வீட்டில் இருந்து உழைத்தவனை இன்னொருவர் பெயரைத் தாண்டி எடுத்துப் போனோம். எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தத் தகட்டின்மேல் வெறுப்பு வந்தது.

எங்கள் வரிசையையும் பிறகு இடித்தார்கள். எங்கள் வீட்டை விட்டுவிட்டார்கள். தகடு வேலை செய்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவர் இப்போது வெளிச்சுவர். அந்த வீட்டுக்காரர் அடித்த நீலச் சுண்ணாம்பும், காலண்டர் மாட்டிய ஆணியும் வெயிலில் அப்படியே தெரிகின்றன.

டாக்டரின் தங்கை வந்தது அண்ணன் போய் நாலு மாதம் கழித்து. அந்த மூக்கும் முழியும்தான், தலை மட்டும் பஞ்சாக நரைத்திருந்தது. "பாப்பா, நீதானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான். தகட்டின் முன் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தயாராக இருந்தேன்.

"பொறந்தது இங்கதான். மத்ததும் இருக்கட்டும், போ" என்றார். புரிந்துகொண்டுதான் சொன்னார். உள்ளே வந்து உட்கார்ந்து, அண்ணன் படத்தைப் பார்த்து அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

"பதினாலு போயிடுச்சுன்னு சொன்னாங்க. அந்தப் பில்லைய எடுத்து வெச்சுக்கினீங்க இல்ல?"

"எந்தப் பில்லை?"

சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளைப் பில்லை உண்டு. இறங்கும்போது எடுத்துக்கொண்டு, ஏறி வந்ததும் ஆபீஸ் பலகையில் மாட்டிவிட்டு வர வேண்டும். பலகையில் பில்லை இல்லாவிட்டால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரியாததை அந்த அக்கா சொன்னார்.

"உங்கப்பா பில்லைதான். அவரு சட்டைல இருந்து எடுத்துக் குடுத்தாங்களாம். உங்கம்மா அதைக் கதவுக்கு வலப்பக்கமா, செவுத்துல, கை எட்டற உயரத்துல ஆணி வெச்சு அடிச்சிட்டாங்க. ஊடு மாத்தறப்ப எங்கம்மா கழட்டிக் குடுத்தாங்க. உங்கம்மா வாங்கல. 'அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா இந்த ஊட்டுக்குத்தான் வருவாரு, அடையாளம் இங்கயே இருக்கட்டும்'னு சொல்லிட்டாங்களாம். யாரும் அதைப் பத்திப் பேசக்கூடாதுன்னு உங்கண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாங்க. எங்கம்மா சாவற வரைக்கும் சனிக்கெழமை சாயங்காலம் புளி போட்டுத் தேச்சு வெப்பாங்க. உங்கண்ணன் வேலைக்குப் போறப்ப வந்து அதை ஒருதரம் தொட்டுட்டுத்தான் போவாரு. உனக்குத் தெரியாதா?"

அவன் யாரைப் பார்க்கப் போனான் என்று நான் கிண்டல் செய்தேனோ, அவரே என் எதிரில் உட்கார்ந்திருந்தார். காலி வீட்டில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று நான் அண்ணனைக் கேட்டதும், அவன் என் முகத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தன. அம்மாவுக்குச் செய்த சத்தியம் ஒருபக்கம். அதோடு, சொல்லியிருந்தால் நான் அவனுக்காகச் சொன்ன பொய் என்மேலேயே விழுந்திருக்கும். அதனால் சொல்லவில்லை. அவனே போய் எடுத்துவரப் பார்த்திருக்கிறான். இரண்டு வரிசை குறைந்துவிட்டது. நான் வாய்விட்டு அழுதேன். அந்த அக்கா என்னைத் தேற்ற வந்தவர் இல்லை, இருந்தும் தேற்றினார்.

"நம்பர் இன்னாக்கா?" என்று கேட்டேன்.

"முழுசா ஞாபகம் இல்ல பாப்பா. கடைசில ஏழு."

அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. ஒரு போட்டோகூடக் கிடையாது. இப்போது அவருடைய நம்பரில் கடைசி எண் மட்டும் தெரியும்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பதினாலு இருந்த இடத்தைத் தட்டையாக நிரவியிருந்தார்கள். இடிபாட்டை டிராக்டரில் அள்ளி எங்கோ பள்ளத்துக்குக் கொட்டிவிட்டார்களாம். எந்தப் பள்ளம் என்று யாருக்கும் தெரியவில்லை. பித்தளை என்றால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தார். அத்தனையும் பில்லைகள். ஊரைவிட்டுப் போனவர்கள் போட்டுவிட்டுப் போனது, சுவரிலிருந்து பிடுங்கியது, பரணில் கிடந்தது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நந்திதுர்க் சுரங்கத்தின் எழுத்து இருந்தவற்றைத் தனியாக வைத்தேன். அதில் ஏழில் முடிவது மூன்று இருந்தன. மூன்றிலும் ஆணி அடித்த ஓட்டை இருந்தது. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தேன். ஒன்று அப்பாவுடையதாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். யார் வீட்டு அப்பாக்களோ. மூன்றையும் டின்னில் போட்டுவிட்டு வந்தேன்.

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டைக் கழற்றிவிடுங்கள் என்றேன். "கழட்டி எங்கக்கா வெக்கறது? அந்த ஊடே இல்லியே" என்றார்.

பித்தளை ஒரு மழைக்கே கறுத்துவிடுகிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தேய்க்கிறேன். அண்ணன் வைத்த உயரம் வசதியாக இருக்கிறது, குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். போன வாரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது காமிராவோடு ஒரு பெண் வந்து நின்று, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இவர் உங்களுக்குச் சொந்தமா என்றாள். துடுக்காக ஒன்றும் வாயில் வரவில்லை.

"இவரோட அம்மாதாம்மா, அவங்க சாவற வரைக்கும் எங்கப்பாவ பாத்துக்கினாங்க" என்றேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். நான் கடைசி வரி வரைக்கும் தேய்த்து, சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, முந்தானையால் துடைத்தேன். உள்ளே போகுமுன் அதன்மேல் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் போனேன்.